501-வது யூனிட்: கரண்ட் பில்லின் கதையும் மொட்டை மாடி சோலாரும்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் மெசேஜில் இருந்து ஆரம்பிக்குது. அனுப்பினவங்க திண்டுக்கல் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா. வீட்டுக்கு ஒருத்தர் வந்து மொட்டை மாடியை அளந்துட்டுப் போயிருக்கார். "மூணு கிலோவாட் போடுங்கம்மா, இனிமே கரண்ட் பில்லே வராது" என்று சொல்லி, 2 லட்சம் ரூபாய்க்கு விலைப்புள்ளி கொடுத்திருக்கார். மானியம் 78,000 போக மிச்சத்தைத் தன் ஓய்வுப் பணத்தில் இருந்து எடுக்கலாமா என்று கேட்கறாங்க. கூடவே இன்னொரு வரி: "எங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட் வரும், பில்லு ஆயிரத்து சொச்சம்."

அந்தக் கடைசி வரியைத்தான் நான் மூணு தடவை கேட்டேன். ஏன்னா அவங்க கேள்விக்குப் பதில் பேனலில் இல்லை, பேட்டரியில் இல்லை, அந்த 380-ல் இருக்கு. நாம வரலாறு பேசற ஆட்கள். நம்ம ஊர் மின்கட்டணம் இப்படி ஒரு விசித்திரமான படிக்கட்டு மாதிரி ஏன் இருக்குன்னு தெரிஞ்சா, மாடியில் சோலார் போடலாமா வேண்டாமாங்கறது பாதி விளங்கிடும்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 2017-ல் இருந்து 2022 செப்டம்பர் வரை நடப்பில் இருந்த விலை இது. ரெண்டு மாசத்தில் சரியா 500 யூனிட் ஓட்டின வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2 ரூபாய், அதுக்கு மேல 300 யூனிட் 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30. மொத்தம் 1,130 ரூபாய். இப்போ அதே வீடு ஒரே ஒரு யூனிட் கூட ஓட்டி 501 ஆயிடுச்சுன்னு வையுங்க. முதல் 100 அப்பவும் இலவசம்தான். ஆனா அடுத்த 100-க்கு 3.50, அதுக்கடுத்த 300-க்கு 4.60, அந்த ஒரு யூனிட்டுக்கு 6.60, நிலைக்கட்டணம் 50. கூட்டினா 1,786 ரூபாய் 60 காசு. ஆக அந்த 501-வது யூனிட்டோட விலை 656 ரூபாய் 60 காசு!

இது தெரிஞ்சோ தெரியாமலோ எத்தனை வீட்டில் சண்டை நடந்திருக்கும். ரீடிங் எடுத்து அம்பது நாள் ஆச்சுன்னா அப்பா போய் மீட்டரைப் பார்த்துட்டு வந்து ஏசியை அணைப்பார். ரீடிங் எடுக்க வர்றவர் நாலு நாள் தாமதமா வந்தா அந்த நாலு நாளுக்குள்ள 500 தாண்டிடும்னு ஒரு பயம். ஒரே வீட்டில் மாடிக்கு ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ரெண்டு மீட்டர் வாங்கி வச்சவங்களும் உண்டு. ரெண்டு 100 இலவசம், ரெண்டும் 500-க்குள்ள.

இந்தப் படிக்கட்டு எங்கிருந்து வந்தது? உலகத்தில் மின்சாரம் விற்க ஆரம்பிச்ச காலத்தில் கதை நேர் தலைகீழ். சிகாகோவில் சாமுவேல் இன்சல் போன்றவர்கள் கம்பெனி நடத்தியபோது அதிகமா ஓட்டறவங்களுக்கு யூனிட் விலை குறைவு. ஜெனரேட்டரும் கம்பியும் எப்படியும் போட்டாச்சு, சும்மா கிடக்கறதை விட ஓடினா லாபம், அதனால் "இன்னும் ஓட்டுங்க" என்பதுதான் கட்டணத்தின் குரல். ஏற ஏற விலை கூடுவது என்பது பின்னால் வந்த யோசனை. மின்சாரம் போதாமல் போனபோதும், ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும் என்ற அரசியல் வந்தபோதும் அது வந்தது.

நம்ம பக்கம் ரெண்டும் சேர்ந்தே வந்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அந்தக் கரண்ட் கீழே இறங்கி கோயம்புத்தூர் பஞ்சாலைகளுக்குப் போச்சு. ஆலைக்குப் போற வழியில் தோட்டத்துக் கிணற்றுக்கும் போச்சு. கமலை ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் மோட்டார் வந்தது. 1957 ஜூலை 1-ல் மின்வாரியம் அமைஞ்ச பிறகு பம்ப்செட் இணைப்பு கொடுப்பதில் சென்னை மாநிலம் நாட்டிலேயே முன்னால் நின்றது. அதனால் இங்கே மின்கட்டணம் என்பது டவுன்காரன் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. அது விவசாயப் பிரச்சினையும் ஆச்சு.

1970-ல் விவசாய மின்கட்டணத்தை உயர்த்தினபோது, சில பைசா உயர்வுதான், அன்றைய கோவை மாவட்டம் கொதிச்சது. பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்துப்போனாங்க. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் வந்து கோவை நகரத்தையே முடக்கின. ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசா, ரெண்டு பைசா என்பதற்கு உயிரைக் கொடுத்திருக்காங்க என்பதை இன்னைக்கு ஒரு ஆப்பில் பில் கட்டறவங்களுக்குப் புரிய வைக்கறது கஷ்டம். கிணறு ஆழமாகிக்கிட்டே போச்சு, மோட்டார் பெரிசாகிக்கிட்டே போச்சு, அறுவடை விலை அப்படியே இருந்தது. அந்த நிலைமையில் பைசா பெரிசு.

அந்தப் போராட்டங்கள் சும்மா போகலை. 1984-ல் எம்.ஜி.ஆர் அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1990-ஐ ஒட்டி கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கியது. 2003-ல் ஜெயலலிதா அரசு விவசாயத்துக்கு மறுபடி கட்டணம் வைத்துப் பார்த்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்காததும் சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதுக்கப்புறம் யாரும் அதில் கை வைக்கலை.

சரி, இலவசம் கொடுத்தா யாரோ கட்டணும் இல்லீங்களா? ஒரு பகுதி அரசாங்கம் மானியமா வாரியத்துக்குக் கொடுக்கும். இன்னொரு பகுதி ஆலைகள், கடைகள், அப்புறம் வீடுகளிலேயே அதிகமா ஓட்டற வீடுகள். உங்க பில்லின் மேல்படியில் இருக்கும் ஒரு யூனிட் அதன் அடக்க விலைக்கு மேல விக்கப்படுது. கீழ்ப்படியில் இருக்கறது அடக்க விலைக்குக் கீழ. 2016 மே மாசம் முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம்னு ஆனதும் கீழ்ப்படி தரையையே தொட்டுடுச்சு. மேலே இருக்கறவங்களும் அந்த 100 வாங்கறாங்க. அவங்களுக்கு அது சும்மா ஒரு தள்ளுபடி.

இந்தப் படிக்கட்டை மனசில் வச்சுக்கங்க. இப்ப இருட்டுக்குப் போவோம்.

2008 கடைசியில் ஆலைகளுக்கு மின்வெட்டு வந்தது. அப்படியே வளர்ந்து 2012-ல் சென்னைக்கு ரெண்டு மணி நேரம், சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். மதுரை, திருச்சி, கோவை, தென் மாவட்டங்களில் அந்த வருஷம் பரீட்சைக்குப் படிச்ச பிள்ளைகளுக்கு இன்னைக்கு முப்பது வயசு ஆகியிருக்கும், கேட்டுப் பாருங்க. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். மிக்ஸி ஓட்டறதுக்கும் மோட்டார் போடறதுக்கும் நேரம் பார்த்து ஓடணும். கோவையில் சின்னப் பட்டறைகள் டீசல் வாங்க முடியாமல் மூடிக் கிடந்தன. காற்று வீசற மாசத்தில் கொஞ்சம் தேவலை, காற்று நின்னா மறுபடி இருட்டு.

அந்த இருட்டில்தான் தமிழ்நாட்டு நடுத்தர வீட்டுக்குள்ள பேட்டரி வந்து உட்கார்ந்தது. ஹால் மூலையில் அல்லது மாடிப்படிக்கு அடியில் ஒரு இன்வெர்ட்டர் பெட்டி, கீழே சக்கரம் வச்ச தள்ளுவண்டியில் ஒரு கனமான டியூபுலர் பேட்டரி, மாசத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்ட் வாட்டர். ரெண்டு ஃபேன், நாலு லைட், டிவி. இதுக்குள்ள இருக்கற ஈய அமில பேட்டரி 1859-ல் காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்ச சாமான். வேலை செய்யற விதம் பெரிசா மாறவே இல்லை.

அந்தப் பேட்டரியில் எவ்வளவு கரண்ட் இருக்கு? மேலே 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணின்னு எழுதியிருக்கும். பெருக்கினா 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். ஈய பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல காலி பண்ணினா சீக்கிரம் போயிடும், அதனால் கைக்கு வர்றது சுமார் 0.9 யூனிட். நம்பவே முடியாது இல்லையா? அவ்வளவு கனமா இருக்கற சாமானுக்குள்ள ஒரு யூனிட்கூட இல்லை. பேட்டரி விலை 15,000 ரூபாய், நாலு வருஷம் உழைக்கும், தினமும் ஒரு யூனிட் எடுக்கறோம்னு தாராளமாவே வச்சுக்கிட்டாலும் மொத்தம் 1,460 யூனிட். ஒரு யூனிட்டைப் பேட்டரியில் வச்சு எடுக்கறதுக்கு மட்டும் பத்து ரூபாய் ஆகுது. உள்ளே போற கரண்டோட விலை அதுக்கு மேல தனி. லித்தியம் பேட்டரி இன்னும் ரொம்ப வருஷம் உழைக்கும், ஆழமா காலி பண்ணலாம், தண்ணி ஊத்த வேண்டாம். ஆனா முதல்ல போடற காசு கூட.

2012-ல் யாரும் இந்தக் கணக்கைப் போடலை. போடத் தேவையும் இல்லை. அன்னைக்குப் பேட்டரி பணத்தை மிச்சம் பண்ண வரலை, குழந்தை தூங்கறதுக்கு ஃபேன் ஓடணும்னு வந்தது. அதுக்கு யூனிட் பத்து ரூபாய்னாலும் மலிவுதான். இந்த ரெண்டு காரணமும், அதாவது இருட்டும் பில்லும், வேற வேற. இதைப் பிரிக்காம சோலார் வாங்கறவங்கதான் பின்னாடி வருத்தப்படறாங்க.

சோலாரும் நம்ம ஊருக்கு முதல்ல இருட்டை விரட்டத்தான் வந்தது. 2011-ல் அரசு அறிவிச்ச சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொண்ணுக்கும் சோலாரில் எரியற ஐந்து சிஎஃப்எல் விளக்கு. பேனல், பேட்டரி, விளக்கு, அவ்வளவுதான். ஈபி கம்பியோட அதுக்கு உறவே இல்லை. அடுத்த வருஷம், 2012 அக்டோபர் 20-ல், சூரிய சக்திக் கொள்கை வந்தது. 2015-க்குள்ள 3,000 மெகாவாட்னு இலக்கு. அதையொட்டி, வீட்டு மாடியில் ஒரு கிலோவாட் போட்டா மத்திய அரசின் 30 சதவீத மானியத்துக்கு மேல மாநில அரசு 20,000 ரூபாய் தரும்னு சொன்னாங்க. அப்போ ஒரு கிலோவாட் சுமார் ஒரு லட்சம். பாதி விலைக்கு வந்த மாதிரி.

ஆனா இந்தத் தடவை வந்தது பேட்டரி இல்லாத சோலார். நேரா ஈபி லைனோட சேர்ந்து ஓடறது. இங்கேதான் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. வெயில் கொளுத்துது, மாடியில் பேனல் இருக்கு, கரண்ட் போச்சு. வீடு இருட்டு! போட்டவருக்கு போன் பண்ணினா, "சார், அது அப்படித்தான்" என்கிறார்.

அது அப்படித்தான் என்பது உண்மை. லைனில் கரண்ட் இல்லைன்னு தெரிஞ்சதும் இந்த இன்வெர்ட்டர் ரெண்டு விநாடிக்குள்ள தானா நின்னுடணும், அப்படித்தான் செய்யறாங்க. காரணம், வெளியே கம்பத்தில் ஏறியிருக்கற லைன்மேன். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிட்டு, லைன் செத்துக் கிடக்குன்னு நம்பி அவர் கை வைக்கறார். உங்க மாடியில் இருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போனா என்ன ஆகும்? அதனால் நிறுத்தம் கட்டாயம். கரண்ட் போனாலும் ஓடணும்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். அது கரண்ட் போனதும் வீட்டை வெளி லைனில் இருந்து பிரிச்சுக்கிட்டு உள்ளே மட்டும் ஓட்டும். செலவு எங்கேயோ போகும். யாராவது உங்ககிட்ட சோலார் விக்க வந்தா முதல் கேள்வியா இதைக் கேளுங்க: "பட்டப்பகலில் கரண்ட் போனா ஃபேன் ஓடுமா?" பதில் சொல்லத் தயங்கினா அந்த ஆளோட பேச்சை வளர்க்காதீங்க.

இப்போ பில் பக்கம். பேட்டரி இல்லைன்னா பகல்ல வர்ற கரண்ட் எங்கே போகும்? பகல்ல வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடுது, யாரும் இல்லை. ராத்திரிதான் ஏசி. பகல்ல மிஞ்சறது வெளியே லைனுக்குப் போய் பக்கத்து வீட்டில் செலவாகும். ராத்திரி நீங்க லைனில் இருந்து வாங்கறீங்க. இதை எப்படிக் கணக்கு வைக்கறது?

இதுக்குப் பதில் ஒரு தற்செயலில் கிடைச்சது. பழைய மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுத்துமே, சின்ன வயசில் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே நின்னிருப்பீங்க. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக் கலைஞர் சோலாரைக் கட்டடத்து லைனோட சேர்த்தார். கரண்ட் வெளியே போகும்போது அந்தத் தட்டு பின்னாடி சுத்தியது. போனது கழிஞ்சது, வந்தது கூடியது, யாரும் தனியா கணக்கு எழுத வேண்டியதே இல்லை. 1983-ல் மினசோட்டா மாநிலம் அதைச் சட்டமா எழுதி வச்சது. நெட் மீட்டரிங் என்று நாம் சொல்லறது இதுதான். கொடுத்த யூனிட்டுக்கு யூனிட் கழிவு. அதாவது ஊர் லைனே உங்க பேட்டரி, தண்ணி ஊத்த வேண்டாத பேட்டரி. அதுக்கு வாடகை எவ்வளவு என்பதில்தான் அதுக்கப்புறம் வந்த சண்டை எல்லாம்.

தமிழ்நாட்டில் 2013 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்கை அனுமதிச்சது. நீங்க ஓட்டறதில் 90 சதவீதம் வரைதான் கழிப்போம், வருஷக் கடைசியில் மிஞ்சினது காலாவதி என்ற நிபந்தனையோட. 2019-ல் புதுக் கொள்கையோட ஆட்டம் மாறியது. யூனிட்டுக்கு யூனிட் கழிவு போய், நீங்க வாங்கறதுக்கு உங்க படிக்கட்டு விலை, நீங்க கொடுக்கறதுக்கு வேற ஒரு குறைஞ்ச விலைன்னு ரூபாய்க் கணக்கு ஆச்சு. பழசை நம்பிக் கணக்குப் போட்டவங்க முகம் வாடிப் போச்சு. 2021 அக்டோபரில் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்ப வந்தது. கூடவே நெட்வொர்க் சார்ஜ் என்ற ஒண்ணும் வந்தது. அதான் நான் சொன்ன வாடகை. அதில் சின்ன அமைப்புக்கும் பெரிய அமைப்புக்கும், வீட்டுக்கும் ஆலைக்கும் வேற வேற கதை, அதுக்குள்ள இன்னைக்குப் போகலை. எட்டு வருஷத்தில் மூணு விதமான கணக்கு. பேனலுக்கு இருபத்தஞ்சு வருஷ வாரண்டி தர்றாங்க. பேனலுக்கு வாரண்டி உண்டு, ஆணைய உத்தரவுக்கு வாரண்டி கிடையாது. நீங்க பணம் போடற அன்னைக்கு என்ன விதி நடப்பில் இருக்குன்னு பகுதி ஈபி ஆபீசில் கேட்டுக்கங்க.

இனிமே டீச்சரம்மா கணக்குக்கு வருவோம். 2022 செப்டம்பர் 10-ல் கட்டணம் மாறியது. 2014 டிசம்பருக்கு அப்புறம் முதல் உயர்வு அதுதான். அந்த விலையையே எடுத்துக்கறேன். 2024 ஜூலையில் கொஞ்சம் ஏறியது, ஆனா கணக்கோட வடிவம் மாறலை. 500 வரைக்கும் ஓட்டற வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25, 400 வரைக்கும் 4.50, 500 வரைக்கும் 6 ரூபாய். 500 தாண்டின வீட்டுக்கு அந்த 2.25 சலுகை கிடையாது, நேரா 4.50. மேலே போகப் போக 8, 9, 10, ஆயிரத்துக்கு மேல 11. நிலைக்கட்டணத்தை எடுத்துட்டாங்க. 501-வது யூனிட்டின் விலை 656-ல் இருந்து 233 ரூபாயா இறங்கிச்சு. படி இன்னும் இருக்கு, உயரம்தான் குறைஞ்சது.

நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரியா 4 யூனிட் தரும். மாடியில் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத இடமா வேணும். ஐப்பசி கார்த்திகையில் குறையும், மாசியில் இருந்து நல்லா வரும். ரெண்டு மாசத்துக்கு 240-ன்னு வச்சுப்போம். இந்த ஒரு கிலோவாட்டை மூணு வீட்டு மாடியில் வச்சுப் பாருங்க.

ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் ஓட்டற வீடு, பில் 6,550. சோலார் மேல்படியில் இருந்துதான் கழிக்கும். 10 ரூபாய் யூனிட் 200-ம், 9 ரூபாய் யூனிட் 40-ம் போயிடும். மிச்சம் 2,360 ரூபாய். 400 யூனிட் வீடு, பில் 1,125. சோலார் போட்டா 135. மிச்சம் 990. 250 யூனிட் வீடு, பில் 450. சோலார் போட்டா பூஜ்யம். மிச்சம் 450 மட்டும். ஏன்னா அந்த 240 யூனிட்டில் 90 யூனிட் ஏற்கனவே இலவசமா வந்துக்கிட்டிருந்தது. அரசாங்கம் சும்மா கொடுத்ததை நீங்க காசு போட்டு மாடியில் செய்யறீங்க. ஒரே பேனல், ஒரே வெயில், மிச்சம் 450-ல் இருந்து 2,360 வரைக்கும்.

டீச்சரம்மாவோட 380 யூனிட்டுக்கு பில் 1,035 ரூபாய். வருஷத்துக்கு ஆறு பில், 6,210. மூணு கிலோவாட் போட்டாலும் முப்பது போட்டாலும் இதுக்கு மேல மிச்சம் பண்ண முடியாது. பில்லே அவ்வளவுதானே! மானியம் போக அவங்க கையில் இருந்து போறது 1,22,000. திரும்பி வர கிட்டத்தட்ட இருபது வருஷம். நடுவில் இன்வெர்ட்டர் ஒரு தடவையாவது மாத்த வேண்டி வரும். மிஞ்சற யூனிட்டுக்குப் பெரிசா எதுவும் கிடைக்காது.

மாறா ஒரு கிலோவாட் போட்டா பில் 90 ரூபாயா இறங்கும். வருஷத்துக்கு 5,670 மிச்சம். 70,000 ஆகும்னு வச்சுக்கிட்டா 30,000 மானியம் போக 40,000. ஏழு வருஷம் சொச்சத்தில் திரும்பிடும். வந்தவர் ஏன் மூணு கிலோவாட் சொன்னார்? 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணுக்கும் அதுக்கு மேலயும் 78,000-த்தோட நின்னுடும். அதனால் மூணு என்பது ஒரு இயல்பான எண் மாதிரி ஆகிப்போச்சு. திட்டத்தைக் குறை சொல்லலை. 1,000 யூனிட் வீட்டுக்கு மூணு கிலோவாட் பொருத்தமானதுதான், அவங்க பில் 585 ரூபாய்க்கு வந்துடும். அந்த வீட்டுக்கான சட்டையை டீச்சரம்மாவுக்குப் போடப் பார்க்கறாங்க, அவ்வளவுதான்.

இதில் எனக்கு உறுத்தறது ஒண்ணு உண்டு. 1,000 யூனிட் வீடுகள்தான் மேல்படியில் நின்னு கீழ்ப்படிக்கு ஒரு பங்கு கட்டிக்கிட்டிருந்தவை. சோலார் அவங்களுக்குத்தான் முதல்ல லாபம், அதனால் அவங்கதான் முதல்ல போடுவாங்க, போடறதும் நியாயம். அவங்க இறங்கினா 100 யூனிட் இலவச வீட்டுக்கு யார் கட்டறது? வாரியத்தின் சேர்ந்த நஷ்டம் ஏற்கனவே ஒரு லட்சம் கோடியைத் தாண்டினது. நெட்வொர்க் சார்ஜ் பத்தி வாரியம் ஏன் அவ்வளவு பிடிவாதமா இருந்ததுன்னு இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும். நான் அதை முழுசா ஏத்துக்கலை. ஆனா "வாரியம் சோலாருக்கு எதிரி" என்று ஒரு வரியில் முடிக்கறதும் சரியில்லை. வாடகை வீட்டில் இருக்கறவங்க, அடுக்குமாடியில் மூணாவது மாடியில் இருக்கறவங்க, இவங்களுக்கு மாடியே கிடையாது. படி ஏறினா அவங்கதான் முழுசா கட்டணும்.

பேட்டரி வாங்கலாமான்னு கேட்டவங்களுக்கும் இதே படிக்கட்டில்தான் பதில். நெட் மீட்டரிங் இருக்கற வரைக்கும் பில்லுக்காகப் பேட்டரி வாங்கறது வீண். ஊர் லைன் அதைவிட மலிவான பேட்டரி. கொடுக்கற கரண்டுக்குக் குறைஞ்ச விலையும் சாயங்காலம் வாங்கறதுக்குக் கூடின விலையும் வந்தா கணக்கு புரளும். கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலில் அதுதான் நடந்தது. வெளியே கொடுக்கற கரண்டின் மதிப்பைப் பெரிசா வெட்டினதும் அங்கே சோலார் போடறவங்க கூடவே பேட்டரியும் வாங்க ஆரம்பிச்சாங்க. நம்ம மத்திய அரசும் 2023 ஜூனில் விதியைத் திருத்தி, பகல் வெயில் நேரத்துக்குக் குறைஞ்ச விலை, உச்ச நேரத்துக்குக் கூடின விலைன்னு போகச் சொல்லியிருக்கு. வீடுகளுக்கு அது முழுசா வர்ற அன்னைக்கு நாம மறுபடி பேசுவோம். இருட்டுக்காக என்றால் வேற. உங்க ஊரில் இன்னும் அடிக்கடி கரண்ட் போகுதுன்னா, மூலையில் இருக்கற பழைய இன்வெர்ட்டருக்கு ஒரு புது பேட்டரி போதும். அதுக்குச் சோலாரே தேவையில்லை.

டீச்சரம்மா, உங்களுக்கு ஒரு வேலை. கடந்த ஒரு வருஷத்து ஆறு பில்லையும் எடுத்து வச்சு ஒவ்வொண்ணிலும் யூனிட் எவ்வளவுன்னு ஒரு தாளில் எழுதுங்க. சித்திரை வைகாசி பில்லு 500 தாண்டுதான்னு பாருங்க. ஏசி வாங்கற யோசனை இருந்தா அதையும் பக்கத்தில் குறிச்சுக்கங்க, அப்போ ரெண்டு கிலோவாட் கூட சரியா வரலாம். அதை வச்சுக்கிட்டு அந்த ஆளை மறுபடி கூப்பிட்டு, ஒரு கிலோவாட்டுக்குத் தனியா விலை எழுதித் தரச் சொல்லுங்க. என்ன சொன்னார்னு எங்களுக்கு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பைக்காராவைப் பத்தித் தனியா பேசப் போறோம், அதுவரைக்கும் வணக்கம்.